அட்டைப்படத்தில் அப்பா கழுத்தில் கிடக்கும் மாலை

இந்த மலரைக் கையில் வாங்கியதும் முதலில் அட்டைப்படத்தைத்தான் பார்த்திருப்பீர்கள். சிலருக்குச் சுருக்கென்று இருந்திருக்கும். நினைவு மலர் என்றால் அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கி, பின்னால் நீல வானமும் மேகமும் வைத்து, கீழே தோற்றம், மறைவு என்று போடுவது நம்மவர் வழக்கம். இந்தப் படத்தில் அப்பா ஒரு ஹோட்டலின் கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். சப்பாத்தின் கயிறு அவிழ்ந்து கிடக்கிறது. கழுத்தில் ரோஜா மாலை, வாயெல்லாம் பல். பக்கத்தில் கறுப்பு அங்கியும் சதுரத் தொப்பியுமாக நிற்பவள் என் மகள் கயல்விழி.

அச்சகத்துக்காரரே தயங்கினார். "அக்கா, உயிரோட இருக்கறப்ப மாலை போட்ட படம். அட்டையில வேணாமே" என்றார். என் அண்ணனும் அதையேதான் சொன்னார். இதுதான் வேண்டும் என்று நான் ஒரே பிடியாக நின்றேன். அதற்கான காரணத்தைச் சொல்லவே இந்தக் கட்டுரை. அப்பாவின் முதலாண்டு திதிக்கு வந்து எங்களோடு உட்கார்ந்திருக்கும் உறவுகளே, நண்பர்களே, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எனக்குப் பொறுமை போய் ஓராண்டு ஆகிறது.

விஷயம் இதுதான். பாலர் பள்ளிப் பட்டமளிப்பு விழாவன்று என் ஆறு வயது மகள் தன் தாத்தாவுக்கு மாலை போட்டாள். அதற்கடுத்த வாரம் அப்பா காலமானார். அவள் போட்ட மாலைதான் அவரைக் கொண்டுபோனது என்று சாவு வீட்டில், அந்தக் குழந்தையின் முகத்துக்கு நேராக, ஒருவர் சொன்னார். அதை என் மகள் இன்றுவரை நம்புகிறாள்.

யார் சொன்னது என்று பெயர் போட வேண்டாம் என்றார் அண்ணன். போடவில்லை. சொன்னவர் எங்கள் அத்தை. அப்பாவுக்கு ஒரே ஒரு தங்கைதான்.

அப்பா சிகாமட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தார். தாத்தா, பாட்டி இருவரும் பால் மரம் வெட்டியவர்கள். விடிவதற்கு முன்பே அவர்கள் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்விடுவதால், தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் ஆயாக்கொட்டகையில் விடுவது அப்பாவின் வேலை. அவரும் அங்கேயே உட்கார்ந்துவிடுவார். தொட்டிலுக்குத் துணிகள் தொங்கும், ஆயா கஞ்சி ஊற்றுவார். "நானும் பாலர் பள்ளி படிச்சவன்தான். எனக்குத்தான் கொன்வோ வைக்காம விட்டுட்டாங்க" என்று கயலிடம் சொல்லிச் சிரிப்பார். கொன்வோ என்பது பட்டமளிப்பு விழாவுக்கு இங்கே எல்லாரும் சொல்லும் சொல்.

தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படிக்கும்போது நடந்த ஒன்றை அப்பா கடைசிவரை மறக்கவில்லை. புதிதாக ஒரு தொரை பள்ளியைப் பார்க்க வந்தார். பிள்ளைகளை எல்லாம் வெயிலில் வரிசையாக நிற்க வைத்திருந்தார்கள். வகுப்பில் முதலாவதாக வந்த பையன் என்பதால் மாலைத் தட்டை ஏந்தும் வேலை அப்பாவுக்கு. தொரை வர வெகுநேரம் ஆயிற்று. கை கடுத்துப்போய்த் தட்டை ஆட்டியதற்குத் தோட்டத்துக் கணக்கர், கிராணி, தலையில் குட்டினாராம். தொரை வந்தார், மாலையை வாங்கினார், காரில் ஏறினார், போனார். முதலாவதாக வந்த பையனின் பெயரைக்கூட யாரும் அவரிடம் சொல்லவில்லை.

"நம்ம ஆளுங்க கழுத்துக்கு ரெண்டே மாலைதான். கல்யாணத்துக்கு ஒன்னு, சாவுக்கு ஒன்னு. நடுவுல உள்ளதெல்லாம் தொரைக்கும் மந்திரிக்கும்" என்பார் அப்பா. இதைச் சொல்லும்போதெல்லாம் அவருக்குக் கோபம் வரும். வெறும் கோபத்தோடு நிற்கிற ஆள் அல்ல அவர். எங்கள் வீட்டில் யார் எதைச் சாதித்தாலும் மாலை வாங்கிக்கொண்டு வந்து நின்றுவிடுவார்.

அண்ணன் லோரி லைசன்ஸ் எடுத்த அன்று ஒரு மாலை. நான் பள்ளி இறுதி எஸ்.பி.எம். தேர்வில் தேறிய அன்று ஒரு மாலை. மூன்றாவது முறையாகக் கார் ஓட்டும் சோதனைக்குப் போய் ஒருவழியாகத் தேறியபோது, சோதனை எடுத்த அதிகாரியின் முன்னாலேயே, அத்தனை பேர் பார்க்க எனக்கு மாலை விழுந்தது. அந்த மலாய் அதிகாரி, எனக்குத்தான் கல்யாணம் என்று நினைத்து வாழ்த்துச் சொன்னார். வெட்கத்தில் நான் அன்று முழுவதும் அப்பாவோடு பேசவில்லை. அவர் கண்டுகொள்ளவே இல்லை.

படிப்பை ஆறாம் வகுப்போடு நிறுத்திவிட்டு மரம் வெட்டப் போனவர், பிறகு பண்டார் தெங்காராவுக்கு வந்து செம்பனைக் குலை ஏற்றும் லோரியில் வேலை செய்தார். முதலில் குலை தூக்கினார், பிறகு ஓட்டினார். முள் குத்திக் குத்தி அவர் உள்ளங்கை கடைசிவரை சொரசொரப்பாகவே இருந்தது. அம்மாவைக் கைப்பிடித்தது அங்கேதான். கல்யாணப் படங்களைப் பத்திரமாக இருக்கட்டும் என்று சிகாமட்டில் தாத்தா வீட்டில் வைத்தார்கள். ஆறு பெருகி வீட்டுக்குள் வந்த ஆண்டு அவை எல்லாம் சேறாகிப்போயின. அப்பா மாலையும் கழுத்துமாக எப்படி இருந்தார் என்று நாங்கள் பார்த்ததே இல்லை.

எங்கள் படிப்புக்காக ஜொகூர் பாருவுக்கு வந்து தொழிற்சாலைப் பேருந்து ஓட்டினார். இருட்டோடு கிளம்புவார், இருட்டோடு திரும்புவார். அறுபதாம் கல்யாணம் செய்து பார்க்க நாங்கள் ஆசைப்பட்டோம். அதற்குள் அம்மா போய்விட்டார். அதன் பிறகு கோயிலில் ஏதாவது மரியாதை செய்ய வந்தால்கூட, "மத்தவங்களுக்குப் போடுங்க" என்று நழுவிவிடுவார். ஆக, அவர் கழுத்து அந்த ஒரு மாலையோடேயே நின்றிருந்தது.

இனி, யாரிடமும் சொல்லக் கூடாது என்று அப்பா சொன்னதை எழுதப் போகிறேன். அவர் மன்னிப்பார். என்னைவிட அவர் பேத்திமீது அவருக்குப் பாசம் அதிகம்.

அப்பாவின் இதயம் பட்டமளிப்பு விழாவுக்குப் பல மாதங்களுக்கு முன்பே களைத்துப்போயிருந்தது. கால் வீங்கியது, நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கியது. அரசாங்க மருத்துவமனையில் ஓர் இளம் மலாய் டாக்டர் அவரைப் பார்த்தார். படம் எடுத்துப் பார்த்துவிட்டு எங்கள் இருவரையும் உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார். இதயம் வேலை செய்ய முடியாத நிலைக்கு வந்துவிட்டது, மருந்தால் கொஞ்ச காலம் தள்ளலாம், இந்த ஆண்டைத் தாண்டுவதே கடினம், அவருக்குப் பிடித்ததை எல்லாம் செய்ய விடுங்கள் என்றார். எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, "டாக்டர், பேத்திக்கு வருசக் கடைசியில கொன்வோ. போலாமா?" என்று மலாயில் கேட்டார். டாக்டர் சிரித்துவிட்டார். "போகலாமாவா? போயே ஆகணும், பாக்சிக்" என்றார், மலாயில் மாமா என்று முறை வைத்து.

வரும் வழியில் காரில் அப்பா எனக்கு உத்தரவு போட்டார்.

"யார்கிட்டயும் மூச்சு விடாத. முக்கியமா ஒங்க அத்தைகிட்ட. பெட்டியத் தூக்கிக்கிட்டு வந்து உக்காந்து அழுவா. அவளச் சமாதானப்படுத்தவே என் நேரம் போயிரும்."

"தெரிஞ்சா கோவிச்சுக்குவாங்கப்பா."

"கோவிச்சுக்கட்டும். அழுவறதுக்கு அது தேவல."

படித்தீர்களா, அத்தை? அப்பா போவார் என்று டாக்டருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அப்பாவுக்கே தெரியும். தெரிந்துதான் ஒவ்வொரு நாளையும் அந்த விழாவை நோக்கித் தள்ளிக்கொண்டு வந்தார். மாத்திரையைச் சத்தம் போடாமல் விழுங்கினார். உப்பில்லாத குழம்பைக் குறை சொல்லாமல் சாப்பிட்டார். ஆறு வயதுப் பிள்ளையின் மாலை அவரைக் கொண்டுபோகவில்லை. அந்தப் பிள்ளையின் விழாதான் அவரை அதுவரை பிடித்து வைத்திருந்தது.

விழா நாளுக்கு வருகிறேன். ஒரு பிள்ளைக்கு இரண்டு பேர்தான் வரலாம் என்பது பாலர் பள்ளியின் சட்டம். என் கணவருக்குச் சிங்கப்பூரில் விடுப்புக் கிடைக்கவில்லை. அவர் இடத்தில் அப்பா. காலையிலேயே வெள்ளை முழுக்கைச் சட்டை போட்டுத் தயாராகிவிட்டார். வீங்கிய காலுக்குச் சிலிப்பர் போதும் என்றேன். "புள்ள பட்டம் வாங்குது, நான் சிலிப்பரோட போறதா?" என்று கயிற்றைத் தளர்த்திவிட்டுச் சப்பாத்தை மாட்டிக்கொண்டார். போகும் வழியில் பூக்கடையில் நிறுத்தச் சொன்னார். முன்கூட்டியே சொல்லி வைத்திருந்த மாலை பெட்டியில் தயாராக இருந்தது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, திறந்து பார்க்கக் கூடாது என்று கயலின் கையைத் தட்டிவிட்டபடியே வந்தார்.

ஹோட்டலின் இரண்டாவது மாடியில் மண்டபம். சிறப்பு விருந்தினர் வரப்போகிறார் என்று மின்தூக்கியைப் பிடித்து வைத்திருந்தார்கள். நோயாளியை மாடிப்படி ஏற வைத்துவிட்டேன் என்றும் சாவு வீட்டில் ஒரு பேச்சு ஓடியது. ஒரு படிகூட அப்பா ஏறவில்லை. வாசலில் நின்ற பாதுகாவலர், வயதான மலாய்க்காரர், அப்பாவுக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்துவிட்டுச் சாமான் ஏற்றும் தூக்கியில் எங்களைக் கூட்டிப் போனார். அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவராகவே செய்தார்.

மண்டப வாசலில் அடுத்த வழக்கு. பாலர் பள்ளித் தலைமை ஆசிரியை பெட்டியைப் பார்த்தார்.

"அங்கிள், மாலையெல்லாம் உள்ள கொண்டு போக முடியாது. பூ உதிர்ந்தா மேடை அழுக்காயிரும். அங்க பூங்கொத்து விக்கிறோம், அத வாங்கிக் குடுங்களேன்."

அப்பா அந்த மேசையைப் பார்த்தார். பிளாஸ்டிக் பூ, நடுவில் ஒரு கரடி பொம்மை.

"இது பூவா டீச்சர்?"

"உள்ள எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கணும், அங்கிள்."

பேச வாயெடுத்தேன். அப்பா என் கையைப் பிடித்து அழுத்தினார். பாதுகாவலர் பெட்டியை வாங்கிக் கீழே தன் சாவடிக்கு எடுத்துப் போனார். கடைசி வரிசையில் எங்களுக்கு இடம் கொடுத்தார்கள்.

சிறப்பு விருந்தினர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். அதுவரை பிள்ளைகள் அங்கியும் தொப்பியுமாக வாசலில் வரிசை கட்டி நின்றார்கள். ஒரு குழந்தை சிறுநீர் போக வேண்டும் என்று அழுதது. அவர் மேடை ஏறியதும் என்ன நடந்தது தெரியுமா? அவர் கழுத்தில் தொடை தொடும் அளவுக்கு ஒரு ரோஜா மாலை போட்டார்கள். அதே தலைமை ஆசிரியை. பொன்னாடை வேறு. இதழ்கள் பொலபொலவென்று மேடையெங்கும் விழுந்தன.

அப்பா எழுந்து நின்றார். பேருந்து ஓட்டியவரின் குரல், மைக் தேவையில்லை.

"டீச்சர், அந்தப் பூவு உதிராதா?"

மண்டபம் திரும்பிப் பார்த்தது. அவர் விடவில்லை. "படிச்சது புள்ளைங்க. கால் கடுக்க நின்னது புள்ளைங்க. மாலை அவருக்கா?"

"அங்கிள், புரோட்டோகோல், அங்கிள்" என்றார் தலைமை ஆசிரியை மைக்கிலேயே. யாரோ ஒரு தகப்பன் கைதட்டினார். பின்வரிசையில் இன்னும் சிலர் தட்டினார்கள். அப்பா உட்கார்ந்து, என் பக்கம் சாய்ந்து, "நல்லா கேட்டேன்ல?" என்றார். கோபப்பட்டதால்தான் இதயம் பாதித்தது என்று சொன்னவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவ்வளவு திருப்தியான முகத்தை அந்த ஆண்டு முழுவதும் நான் பார்க்கவில்லை. தட்டைப் பிடித்து நின்ற பையன் அத்தனை ஆண்டு கழித்துக் கேட்டுவிட்டான்.

பிறகு கயலின் பெயரை அழைத்தார்கள். தொப்பி மூக்குவரை இறங்கிவிட்டது. ஒரு கையால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையால் சுருளை வாங்கிக்கொண்டு, அவள் கூட்டத்தில் தாத்தாவைத் தேடினாள். அப்பா மறுபடியும் எழுந்து இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார். அழுதுகொண்டே ஆட்டினார். நானும் அழுதேன்.

முடிந்து கீழே வந்தோம். பாதுகாவலர் தன் நாற்காலியை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டு மாலைப் பெட்டியை எடுத்து வந்தார். கார் நிறுத்துமிடத்திலேயே கயல் கழுத்தில் அப்பா மாலையைப் போட்டார். அங்கேதான் கோளாறு. பூக்கடையில் மாலை யாருக்கு என்று அப்பா சொல்லவே இல்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கு மாலை கேட்கிற ஆள் உண்டா? பெரிய ஆளுக்குக் கட்டுவதுபோலவே கட்டிவிட்டார்கள். மாலை அவள் சப்பாத்துவரை தொங்கியது. நடக்கப் பார்த்து மிதித்தாள்.

"தாத்தா, எனக்குப் பெருசா இருக்கு. ஒங்களுக்குத்தான் சரியா இருக்கும்" என்று கழற்றினாள். அவர் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். அவள் கேட்கவில்லை. நாற்காலியில் இருந்தவரின் கழுத்தில் எக்கி நின்று போட்டுவிட்டாள்.

அப்பா குனிந்து மாலையைப் பார்த்தார். சொரசொரப்பான விரலால் இதழ்களைத் தடவினார். பிறகு அவளிடம் சொன்னார்: "இதுக்கு முன்னால ஒங்க பாட்டிதான் எனக்குப் போட்டா. அப்புறம் இப்ப நீதான்."

என் கைப்பேசியை வாங்கி அந்தப் படத்தை எடுத்தவர் பாதுகாவலர். அட்டையில் இருப்பது அதுதான். அப்பா உயிரோடு மாலை போட்டுக்கொண்டிருக்கும் படம் எங்கள் குடும்பத்தில் அது ஒன்றுதான்.

அந்த மாலையை அவர் கழற்றவே இல்லை. மத்தியானம் ஒரு தமிழ் முஸ்லிம் உணவகத்துக்குப் போனோம். தொப்பி போட்ட பேத்தியும் மாலை போட்ட தாத்தாவுமாக உள்ளே நுழைந்ததும் எல்லா மேசையும் பார்த்தது. கடைக்காரரே எழுந்து வந்தார்.

"என்ன விசேஷம், ஐயா? பொறந்த நாளா?"

"இல்ல பாய். பட்டம் வாங்கியாச்சு."

"யாரு?"

"ரெண்டு பேரும்தான்."

கடைக்காரர் சிரித்துக்கொண்டே பேத்திக்கு ரோஜா சர்பத்தில் பால் கலந்த பண்டோங் ஒன்று கொண்டுவரச் சொன்னார், தன் கணக்கில். அப்பா ஒரு ரொட்டி சானாய் சாப்பிட்டார். ஆமாம், உப்பும் எண்ணெயும் உள்ளதுதான். நான்தான் வாங்கிக் கொடுத்தேன். இதற்கும் யாராவது ஏதாவது சொல்வதென்றால் என்னிடம் நேரில் வந்து சொல்லுங்கள்.

பிறகு கடலோரச் சாலையில் காரை நிறுத்தி, எதிரே தெரியும் சிங்கப்பூரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கயல் பின்னிருக்கையில் தூங்கிவிட்டாள். "இன்னைக்கு ஒரு குறையும் இல்லம்மா" என்றார் அப்பா. மாலை அப்போதும் கழுத்தில் இருந்தது.

அன்று சாயங்காலமே அந்தப் படத்தைக் குடும்ப வாட்சாப் குழுவில் போட்டேன். முதலில் பதில் போட்டவர் அத்தை. மூன்று இதயப் படம், ஒரு கைகூப்பல், "சூப்பர் அண்ணே, மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க" என்று எழுத்து வேறு. அப்போது அபசகுனம் எங்கே போயிருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்கடுத்த வாரம் ஒரு காலையில், காப்பி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழவில்லை. ஆம்புலன்ஸ் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. டாக்டர் சொன்னபடியே நடந்தது, நல்லவேளை வலி இல்லை.

சாவு வீட்டில் எல்லாரும் மாலை போட்டார்கள். கயலும் போட வேண்டும் என்று கேட்டாள். நான் அவளைத் தூக்கிக்கொண்டு சவப்பெட்டியருகே போனேன். அப்போதுதான் அத்தை சொன்னார்.

"ஒருக்கா போட்டது போதாதா? உசுரோட இருந்த மனுசனுக்கு மாலை போட்டு அனுப்பி வச்சிட்டியேடி."

கூட்டத்தில் இருந்த ஒரு பெரியவர்கூட, குழந்தையிடம் பேசுகிற பேச்சா இது என்று கேட்கவில்லை. சிலர் தலையை ஆட்டியதை நான் பார்த்தேன். அந்தச் சிலர் இன்றும் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். கயல் கையிலிருந்த பூவைக் கீழே போட்டுவிட்டாள். நான் அன்று வாயைத் திறக்கவில்லை. அப்பாவைக் கிடத்தி வைத்துக்கொண்டு சண்டை போட எனக்கு மனம் வரவில்லை. இன்று அந்தத் தடை இல்லை.

மாலை போட்டால் ஆள் போய்விடுவார் என்றால், கல்யாணத்தில் மூன்று முறை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிறோமே, நம்மில் ஒரு தம்பதியும் மிஞ்சியிருக்கக் கூடாது. அந்தச் சிறப்பு விருந்தினர் நலமாக இருக்கிறார். எத்தனை மாலை வாங்கியிருப்பார்! தொரைக்கும் மந்திரிக்கும் மரியாதையாக இருக்கிற மாலை, பேருந்து ஓட்டியவர் கழுத்துக்கு வந்தால் மட்டும் எமனாகிவிடுமா?

ஜனவரியில் கயலை முதலாம் ஆண்டில் சேர்த்தோம். நம் தமிழ்ப்பள்ளிகளில் புதிதாக வரும் பிள்ளைகளை வாசலிலேயே மாலை போட்டு வரவேற்கிறார்கள். அப்பா இருந்திருந்தால் குதித்திருப்பார். வரிசையில் கயலின் முறை வந்தது. ஆசிரியை மாலையைத் தூக்கியதுமே அவள் அலறிக்கொண்டு என் பின்னால் ஒளிந்தாள்.

"வேணாம்னு சொல்லுங்கம்மா. நான் போட்டுக்கிட்டா டீச்சர் செத்துப் போயிருவாங்க."

அந்த ஆசிரியையின் முகம் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. அன்று முதல் கயல் தலையில் பூ வைப்பதில்லை. பட்டமளிப்பு விழாப் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறாள். அப்பாவின் படத்துக்கு வெள்ளிக்கிழமை பூ மாற்றும்போது அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். ஏழு வயதுப் பிள்ளை.

டாக்டர் சொன்னதை எல்லாம் அவளிடம் சொல்லிவிட்டேன். "ஆனா அத்தைப் பாட்டி பெரியவங்க. பெரியவங்க சொன்னா உண்மையா இருக்கும்னு நீங்கதான சொன்னீங்க" என்கிறாள். இப்போது அவள் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். கடைப்பலகை, பால்டின், எதையும் விடுவதில்லை. நான் சொன்னால் சந்தேகப்படுகிறவள், அச்சில் இருந்தால் நம்புகிறாள். ஆகவே அச்சில் போடுகிறேன்.

கயல், இது உனக்கு. தாத்தாவின் இதயம் நீ மாலை போடுவதற்கு வெகுநாள் முன்பே களைத்துவிட்டது. உன் மாலையால் தாத்தா சாகவில்லை. உன் மாலையால் தாத்தா சிரித்தார். அட்டையைப் பார்.

அண்ணன் இதைப் படித்துவிட்டு, "இது நினைவு மலரா, புகார் மனுவா?" என்று கேட்டார். இரண்டும்தான் என்றேன். அவர் கொஞ்ச நேரம் அட்டைப்படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஒரு வரியும் எடுக்காத" என்றார். அச்சுச் செலவு முழுவதையும் அவரே ஏற்றுக்கொண்டார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். உண்மையை மறைக்காமல், நம்பிக்கையையும் பறிக்காமல் பேசிய அந்த டாக்டருக்கு நன்றி. தன் நாற்காலியைக் கொடுத்து, மாலையைக் காத்து, படமும் எடுத்துக் கொடுத்த பாதுகாவலருக்கு நன்றி. அவர் பெயரைக் கேட்க மறந்துவிட்டோம், பிறகு தேடிப் போனபோது வேலையை விட்டுப் போயிருந்தார். மண்டபத்தில் முதலில் கைதட்டிய அந்தத் தகப்பனுக்கும், பண்டோங் கொடுத்த கடைக்காரருக்கும் நன்றி. கயலை மாலை இல்லாமலே கைப்பிடித்து வகுப்புக்குள் கூட்டிப் போன ஆசிரியைக்கு நன்றி. அத்தைக்கும் நன்றி சொல்ல வேண்டும். துக்கம் முடியும்வரை அடுப்படியைவிட்டு நகராமல் வந்தவர்க்கெல்லாம் சோறு போட்டவர் அவர். தன்னை இடுப்பில் தூக்கி வளர்த்த அண்ணன் போன வேதனையில் யார்மீதாவது பழி போட வேண்டியிருந்தது. அது எனக்குப் புரிகிறது. என்மீது போட்டிருக்கலாம். நான் தாங்கியிருப்பேன்.

கடைசியாக ஒன்று. வாசலில் உங்களுக்கு இந்த மலரைக் கொடுத்திருப்பவள் கயல்தான். எவ்வளவோ சொல்லிச் சம்மதிக்க வைத்திருக்கிறோம். நேற்று அச்சகத்திலிருந்து வந்த அட்டையின் மாதிரிப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு என்னிடம், "அம்மா, நான் குடுத்து இத வாங்கிக்கிட்டா அவங்களுக்கு ஒன்னும் ஆயிராதுல்ல?" என்று கேட்டாள்.

ஆகாது என்று சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இந்தக் கட்டுரையை மட்டும் முன்கூட்டியே அத்தைக்கு அனுப்புகிறேன். அத்தை, திதியன்று நீங்கள் முதல் ஆளாக வர வேண்டும். அவள் நீட்டும்போது இரண்டு கைகளாலும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கிக்கொண்டு, அவள் பார்க்கும்படி, அவள் பக்கத்திலேயே நாள் முழுவதும் உட்கார்ந்திருங்கள்.